ஒன்பது மணிக்குப் படுத்த அணி

நீங்கள் உடற்கல்வி ஆசிரியராக வேலையில் சேர்ந்த முதல் வாரமே, யாராவது ஒரு அம்மா பள்ளிக்கூட கேட்டில் நின்றுகொண்டு கேட்பார்: "பிராக்டீஸ் எத்தினி மணிக்கு வுடுவீங்க டீச்சர்?"

சாதாரணக் கேள்விதான். நீங்களும் விசிலைக் கழுத்தில் மாட்டியபடியே ஏதோ ஒரு மணியைச் சொல்லிவிட்டுப் போவீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். எட்டரை என்று சொன்னேன். உடற்கல்வி ஆசிரியையாக நான் செய்த தவறுகளிலேயே பெரியது அந்த எட்டரைதான். அதைச் சரிசெய்யப்போய், கடலூரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கையில் இருந்த கப்பையே இழக்கும் நிலைக்கு வந்தேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றில்லாமல் இன்னொன்று புரியாது.

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் அந்த வருடம்தான் வாலிபால் கோர்ட்டுக்கு நாலு மூலையிலும் விளக்குக் கம்பம் போட்டார்கள். பழைய மாணவிகள் சேர்ந்து செய்து கொடுத்தது. முதல்முறை சுவிட்சைப் போட்டபோது மைதானம் முழுக்க வெள்ளை வெளேர் என்று ஆனது. பெண்கள் கத்திய கத்தலில் பக்கத்துத் தெருக்காரர்கள் மாடியில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து கத்தினேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

விளக்கு வந்துவிட்டது. பிறகு எதற்கு இருட்டோடு கடையைக் கட்ட வேண்டும்? ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டரை வரை ஆடினோம். திங்கள் முதல் வெள்ளி வரை. பதினாலு வயதுக்கு உட்பட்டோர் அணி, பத்துப் பெண்கள். குறுவட்டப் போட்டியில் எல்லா ஆட்டமும் ஜெயித்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அணித் தலைவி பெயர் தமிழரசி. எட்டாம் வகுப்பு. பந்தைத் தூக்கிக் கொடுக்கும் இடத்தில் ஆடுபவள், லிஃப்டர் என்போம். பந்து அவள் விரலில் பட்டால் சத்தமே கேட்காது. குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்துபோவாள். அவள் தூக்கிக் கொடுப்பதை அடிக்க நஸ்ரின் என்று ஒரு பெண். சிதம்பரத்திலேயே வீடு. அத்தா வெளிநாட்டில் வேலையாக இருந்தார். இந்த இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொள்வார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை எட்டு மணி தாண்டி, மிகச் சாதாரணமாக வந்த ஒரு பந்து நேராகத் தமிழரசியின் மூக்கில் இடித்தது. ரத்தம் கொட்டியது. ஈரத் துணியை வைத்துப் பிடித்துக்கொண்டு கோபமாகத்தான் கேட்டேன்.

"எங்கடி பராக்கு பாத்துக்கினு இருந்த?"

"பாத்துக்கினுதான் டீச்சர் இருந்தேன். பந்து வர்றது தெரிஞ்சிது. கைதான் லேட்டா வந்துச்சி."

ரத்தம் நின்றுவிட்டது. ஆனாலும் தனியாக அனுப்ப மனம் வராமல் அவளோடு நானும் மினி பஸ் ஏறினேன். வண்டி ஸ்டாண்டை விட்டு வெளியே வரவில்லை, அதற்குள் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கூப்பிட்டால்கூட அசையவில்லை. கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே சிரித்தார்.

"தினிக்கும் இதே கதைதான் டீச்சர். அவுங்க ஸ்டாப்பு வந்தா நான்தான் எழுப்பி எறக்கி வுடுவேன். போன மாசம் எனக்கு ஒருநா ஒடம்பு சரியில்ல, வரல. புதுசா வந்தவனுக்குத் தெரியாது. பொண்ணு கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிடுச்சி."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, டிரைவரு போன் போட்டு சொல்லி, அவுங்க அம்மா வந்து இட்டுக்கினு போனாங்க."

ஆட்டத்தைப் பற்றி எனக்கு எத்தனையோ பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்டக்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் என் வேலையை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

நிறுத்தத்தில் தமிழரசியின் அம்மா டார்ச் லைட்டோடு நின்றிருந்தார். பகல் முழுக்க நடவு வேலை செய்துவிட்டு வந்தவர். மகளின் முகத்தை லைட் அடித்துப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"சோத்துல கைய வெச்சிக்கினே தூங்கிடுது டீச்சர். எழுப்பி எழுப்பி ஊட்டி வுடணும். அப்புறம் எழுந்து வீட்டுப் பாடம் எழுதும். காலையில அஞ்சு மணிக்கு நான் வேலைக்குப் போறப்ப அதுவும் எழுந்துடும்."

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

அவர் டார்ச்சை அணைத்தார். "நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. அதுவும் சந்தோஷமா இருந்துச்சி. நான் எப்டி டீச்சர் நடுவுல பூந்து சொல்றது?"

தோழர்களே, பெற்றோர் புகார் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உற்சாகத்தைப் பார்த்துப் பயந்தும் அவர்கள் பேசாமல் இருக்கலாம்.

மறுநாள் பத்துப் பேரையும் உட்காரவைத்து, முந்தின நாள் எத்தனை மணிக்குத் தூங்கினாய், எத்தனை மணிக்கு எழுந்தாய் என்று துண்டுச் சீட்டில் எழுதச் சொன்னேன். படித்துப் பார்த்தேன். யார் நன்றாக அடிக்கிறார்கள், யார் தவறவிடுகிறார்கள் என்று நான் மனதில் வைத்திருந்த கணக்கெல்லாம் அந்தச் சீட்டுகளிலேயே இருந்தது: குறைவாகத் தூங்கியவர்கள்தான் தவறவிட்டவர்கள். கடைசி அரைமணி நேரம் சோம்பேறித்தனம் என்று நினைத்து நான் ஓடவிட்ட ரவுண்டுகளை நினைத்து வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிப்பது என்று வைத்தேன். தலைமையாசிரியை அழைத்துக் கேட்டார். "லைட்டு போட்டுக் குடுத்தவங்க வந்து பாத்தா இன்னா சொல்றது?"

"கார்த்திகை மாசம் சீக்கிரம் இருட்டும் மேடம். அப்ப போடலாம்."

பெண்களிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்: ஒன்பது மணிக்குப் படுக்கையில் இருக்க வேண்டும். முதலில் சிரித்தார்கள். நேரம் குறைந்ததால் மைதானத்தில் நின்று வேடிக்கை பார்ப்பதற்கு யாருக்கும் இடமில்லை. ஒன்றரை மணி நேரமும் பறந்தோம். மூன்றாவது வாரம் தமிழரசியின் கைகள் பந்துக்கு முன்னால் போய்க் காத்திருந்தன. மகிழ்ச்சியில் விசிலை ஊதக்கூட மறந்து நின்றேன்.

அந்த வேகத்தோடுதான் கடலூருக்குப் போனோம்.

ஒரு தனியார் குழு நடத்திய போட்டி அது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு அரையிறுதியில் ஜெயித்தோம். ஐந்தரைக்கு இறுதி ஆட்டம், எதிரே கடலூர்ப் பள்ளி ஒன்று. முடித்துவிட்டு ஏழரை பஸ் பிடித்தால் எல்லோரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடலாம். மறுநாள் பத்து மணிக்கு எங்கள் பெண்களுக்குக் கணக்குத் தேர்வு.

ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம்தான், ஆனால் கோர்ட் குளமாகிவிட்டது. தண்ணீரை வாரி இறைத்து, மணல் கொட்டி, காயவிட்டு ஏழு மணி ஆனது. சரி, ஏழுக்கு ஆடலாம் என்றால், பரிசு கொடுக்கும் சிறப்பு விருந்தினர் ஒன்பதரைக்குத்தான் வருகிறாராம். அவர் முன்னால்தான் இறுதி ஆட்டம் என்று மைக்கில் சொன்னார்கள்.

மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்பதரைக்குத் தொடங்கினால் முடிய பதினொன்று. பரிசு, போட்டோ, பஸ். சிதம்பரத்துக்கு ஒரு மணி. தமிழரசி எப்போது, எதில் வீட்டுக்குப் போவாள்?

போட்டிச் செயலாளரிடம் போனேன். சட்டையில் பெரிய பேட்ஜ் குத்தியிருந்தார்.

"இப்பவே ஆட வைங்க சார். இல்லன்னா வேற நேரம் குடுங்க. ஒம்பதரைக்குப் பசங்கள எறக்க மாட்டேன்."

"மேடம், லைட்டு இருக்குது, கூட்டம் இருக்குது. உங்களுக்கு இன்னா பிரச்சன?"

"அதுங்க தூங்குற நேரம் சார்."

அவர் நான் கிண்டல் செய்வதாக நினைத்துவிட்டார். "எறங்கலன்னா வாக்ஓவர் மேடம். கப்பு அவுங்களுக்கு. யோசிச்சி சொல்லுங்க."

யோசிப்பதற்கு நான் திரும்பிப் பார்த்தால், என் பத்துப் பெண்களும் பின்னால் நிற்கிறார்கள்.

"ஆடலாம் டீச்சர்! எங்களுக்குத் தூக்கமே வரல!" என்றாள் நஸ்ரின். சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி விட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தமிழரசி சிரிக்கவில்லை. "நாங்க எவ்ளோ கஷ்டப்பட்டு வந்தோம் டீச்சர். நீங்களே வேணாம்னு சொல்றீங்களா?"

உங்களுக்கும் இது நடக்கும். செயலாளரை எதிர்ப்பது சுலபம். நீங்கள் யாருக்காக நிற்கிறீர்களோ, அந்தக் குழந்தைகளே எதிரில் நின்று கெஞ்சும்போது மாறாமல் இருப்பதுதான் கஷ்டம். என் வாயில் 'சரி ஆடுங்கள்' என்ற சொல் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "ஆடப்போறதில்ல" என்றேன். தமிழரசி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

அப்போது கடலூர் அணியின் மாஸ்டர் கோர்ட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தார். ஐம்பது வயது இருக்கும். அதுவரை அவரோடு ஒரு வணக்கத்தோடு சரி. ஆடாமலே கப்பு கிடைத்த சந்தோஷத்தில் கைகொடுக்க வருகிறார் என்று நினைத்தேன். அவர் பின்னாலேயே அவருடைய அணித் தலைவி சுகந்தி வந்தாள். நெட்டையான பெண்.

"மேடம், இந்தப் பொண்ணு ஒண்ணு கேக்குது. எங்கிட்ட பதில் இல்ல" என்றார் மாஸ்டர்.

சுகந்தி சொன்னாள்: "ஆடாம கப்பு வாங்கினு போனா கிளாஸ்ல இன்னானு டீச்சர் சொல்றது? எத்தினி பாயின்ட்ல ஜெயிச்சன்னு கேப்பாங்கல்ல?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "எம்பசங்களும் காலையில அஞ்சு மணிக்கு எழுந்ததுங்கதான் மேடம். நாளைக்கு எங்களுக்கும் ஸ்கூலு இருக்குது. விடியகால ஆறு மணிக்கு வெச்சா நீங்க ஆடுவீங்களா?"

"ஆடுவோம்!" நான் சொல்லவில்லை. படிக்கட்டிலிருந்து தமிழரசி கத்தினாள்.

இரண்டு பேரும் செயலாளரிடம் போனோம். ஒரு அணி வராவிட்டால் வாக்ஓவர். இரண்டு அணியும் வராவிட்டால் என்ன செய்வார்? அவர் பேட்ஜைத் தடவிக்கொண்டே, "ஆறு மணிக்கு எவன் வருவான் பாக்க?" என்றார்.

"பெத்தவங்க வருவாங்க" என்றார் மாஸ்டர். "விருந்தாளி மத்த பரிசுங்கள இன்னிக்கி குடுக்கட்டும்."

கடைசியில் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டார். "ஆறு மணின்னா ஆறு மணி. எந்த டீம் ரெண்டு நிமிஷம் லேட்டானாலும் வாக்ஓவர்தான்."

அடுத்த சிக்கல் உடனே வந்தது. சிதம்பரம் போய்த் திரும்பினால் தூங்கவே நேரமிருக்காது. பத்துப் பெண்களை எங்கே படுக்கவைப்பது? மைதானத்தை ஒட்டியிருந்த பள்ளியின் வகுப்பறைகள் மழையில் ஒழுகிக் கிடந்தன.

"எங்க ஊட்டுக்கு வரட்டும்" என்றாள் சுகந்தி. மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எதிர்வீட்டில் அவள் அணியிலேயே ஆடும் இன்னொரு பெண். இரண்டு அம்மாக்களும் கூட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். "அஞ்சு எங்க ஊட்ல, அஞ்சு எதுர் ஊட்ல. நீங்களும் எங்க ஊட்லயே படுத்துக்குங்க டீச்சர்" என்று சுகந்தியின் அம்மா முடித்துவிட்டார்.

நான் முடிக்கவில்லை. பத்து வீட்டுக்கும் போன் போட்டேன். பத்தாவது வீடும் சரி என்று சொல்லும்வரை மைதானத்தை விட்டு ஒருவரையும் நகரவிடவில்லை. தலைமையாசிரியைக்கும் சொன்னேன். இதில் மட்டும் எவ்வளவு அவசரம் இருந்தாலும் குறுக்குவழி தேடாதீர்கள். நஸ்ரினின் அம்மாதான் தயங்கினார். "முன்ன பின்ன தெரியாத ஊடு டீச்சர். அவ அத்தாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

போனைச் சுகந்தியின் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் கொஞ்சதூரம் நடந்துகொண்டே பேசினார். ஐந்து நிமிஷம் ஆனது. திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு தலகாணி இல்லாம அவ தூங்க மாட்டாளாமே? குடுத்துடறன்கா, நீங்க கவலப்படாதீங்க." இன்ஷா அல்லாஹ் ஜெயித்துவிட்டு வரட்டும் என்று அந்த அம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

சூடாக இட்லி, தக்காளிச் சட்னி. எட்டேமுக்காலுக்கெல்லாம் பாய் விரித்தாகிவிட்டது. ஆனால் ஒன்பதுக்கு எதிர்வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தால் ஒரே கும்மாளம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நஸ்ரின் ஒரு தலையணையைத் தூக்கிப் போட, அந்த வீட்டுப் பெண் எகிறி அடிக்க, அடுத்த நாள் ஆட்டத்தையே அங்கே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"லைட்ட அணைங்கடி!" என்று கத்தினேன். படாரென்று இருட்டானது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிளுகிளுப்பு. கொஞ்சநேரத்தில் அதுவும் அடங்கியது.

இந்தப் பக்கம் தமிழரசி என்னோடு பேசாமலே படுத்திருந்தாள். பக்கத்தில் சுகந்தி. விடிந்தால் வலைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நிற்கப்போகிறவர்கள், வாயைத் திறந்துகொண்டு ஒருவர் மேல் ஒருவர் காலைப் போட்டுத் தூங்கினார்கள். தூங்காதவள் நான் ஒருத்திதான். ஒருவேளை காலையில் மழை வந்தால்? யாருக்காவது காய்ச்சல் என்றால்? வந்த கப்பை நானே தட்டிவிட்டேனோ?

ஐந்தேகாலுக்கு எழுப்பியபோது ஒரே குரலுக்கு எழுந்துவிட்டார்கள். சுகந்தியின் அணிப் பெண்களும் வாசலுக்கு வந்துவிட, ஐந்தேமுக்காலுக்கு இரண்டு அணியும் சேர்ந்து தெருவில் ஓடியே மைதானத்துக்குப் போனோம். வானம் சுத்தமாக இருந்தது. கடல் பக்கத்திலிருந்து சில்லென்று காற்று. எவன் வருவான் என்று கேட்ட செயலாளர் வாயைப் பிளந்து நின்றார். தெருவே திரண்டு வந்திருந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள், சைக்கிளை நிறுத்திய பால்காரர், கூடையை இறக்கிவைத்த மீன்காரப் பெண்கள், எல்லோரும் கோர்ட்டைச் சுற்றி நின்றார்கள்.

அந்த ஆட்டத்தை நான் எப்படிச் சொல்வது! முதல் செட்டை அவர்கள் எடுத்தார்கள். இரண்டாவதை நாங்கள். யாருடைய காலும் இழுக்கவில்லை. ஒவ்வொரு பந்தும் ஆறு தடவை, எட்டுத் தடவை வலையைத் தாண்டிப் போய்வந்தது. மூன்றாவது செட், பதினைந்து பாயின்ட். பதிமூன்றுக்குப் பதிமூன்று. சுகந்தி அடித்த அடி கோர்ட்டின் ஓரத்துக்குப் போனது. முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கூட்டம் அலறியது. திறந்து பார்த்தால் தமிழரசி மணலில் படுத்தபடியே ஒரு கையால் பந்தை எழுப்பிவிட்டிருந்தாள். யாரோ அதைத் தட்டி மேலே ஏற்ற, நஸ்ரின் பின்னாலிருந்து ஓடிவந்து அடித்தாள். பதினாலுக்குப் பதிமூன்று! மீன்காரம்மா ஒருவர் என் முதுகில் ஓங்கி அடித்தார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது.

அதன்பிறகு மூன்று பாயின்ட். மூன்றும் சுகந்தியுடையது. பதினாறுக்குப் பதினாலு. தோற்றுப்போனோம்.

சரியான முடிவெடுத்தால் கப்பு கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். இரவு ஆடியிருந்தால் ஜெயித்திருப்போமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமலே முடிவெடுக்கத்தான் நமக்குச் சம்பளம். ஆனால் ஒன்று சொல்கிறேன். வேலை பார்த்த காலமெல்லாம் எத்தனையோ ஆட்டம் ஜெயித்திருக்கிறேன். தோற்ற பிறகும் கை தட்டிக்கொண்டே நின்றது அந்த ஒரு ஆட்டத்தில்தான்.

இரண்டு நிமிஷம் அழுதார்கள். பிறகு இரண்டு அணியும் கட்டிப்பிடித்துக்கொண்டு கப்போடு போட்டோ எடுத்தார்கள். யார் ஜெயித்தவர்கள் என்று அந்தப் போட்டோவைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாஸ்டர் தன் பெண்களோடு பஸ் ஸ்டாண்டு வரை வந்து, எட்டு மணி பஸ்ஸில் எங்களுக்கு இடம்பிடித்துக் கொடுத்தார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, விளையாட்டு உடையோடே பத்துப் பேரும் தேர்வு அறை வாசலில் நின்றார்கள். தமிழரசியின் முழங்கையில் கடலூர் மணல் அப்படியே ஒட்டியிருந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து என்னோடு பேசாதவள், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"டீச்சர், அந்த சுகந்தி இடது பக்கம் அடிக்கிறப்ப தோள எறக்குறா. நான் கண்டுபுடிச்சிட்டேன். சாயங்காலம் நாலரைக்கு பிராக்டீஸ் உண்டுல்ல?"

"இன்னிக்கி வேணாம்டி. எல்லாரும் ஊட்டுக்குப் போயி நல்லா தூங்குங்க."

"அதான் நேத்தே தூங்கிட்டமே டீச்சர்!" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.